தப்பான குகைக்கு ஒரு கும்பிடு

"எது தம்பி? இதா?"

கதிரேசன் அண்ணன் போனை என் மூக்குக்கு நேரா நீட்டுறாரு. வலது கையில மீன் குழம்பு. இடது கையில போன். போனுக்குள்ள ஒரு ரயில் ஓடுது.

"இல்லண்ணே. இன்னும் வரல."

"இப்ப ஒன்னு வந்துச்சே?"

"அது சின்னதுண்ணே. நம்மளுது பெருசு."

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா, ஞாயித்துக்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக் கடையில உக்கார எடம் இல்லாம எங்க முதுகுக்குப் பின்னாடி மூணு பேரு நின்னுக்கிட்டு, நாங்க எப்ப எந்திரிப்போம்னு எங்க இலையவே பாக்குறானுங்க. வெளிய மழை வரப் போற புழுக்கம். பக்கத்து டேபிள்ல ஒரு ஆளு ஊருக்கு வீடியோ கால் போட்டு, பொண்டாட்டிக்கு அவரு சாப்புடுற அப்பளத்தைக் காட்டிக்கிட்டு இருக்காரு.

எங்க வீடியோவுல நம்ம ஊரு பையன் ஒருத்தன் ரயில் ஜன்னலோரம் உக்காந்து கத்துறான். "நண்பர்களே, பாருங்க! எல்லை மலை! முன்னாடி ரோட்டுல ஒரு நாள் பூரா ஆகுமாம், இப்ப ஜாலியா போலாம்!" அப்புறம் இருட்டு. அப்புறம் வெளிச்சம். அப்புறம் பாலம். மறுபடி இருட்டு.

அந்த இருட்டுல ஒன்னு நாங்க தோண்டினது.

அதுலதான் கதிரேசன் அண்ணனோட தம்பி தங்கராசு செத்தான்.

நான் ரசக் கிண்ணத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டேன். அந்த எடம் வர்றது எனக்குத் தெரியும். முன்னாடி ஒரு பாலம். பாலம் முடியிற எடத்துல, இடது பக்கம், தனியா துருத்திக்கிட்டு ஒரு பாறை. பாறை வந்திருக்கும். நான் பாக்கல. ரயில் உள்ள போச்சு, வெளிய வந்துச்சு. அந்தப் பையன் "ஊ"ன்னு ஊளை விட்ட சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"இன்னும் வரலயா?"

ரெண்டு குகை தள்ளித்தான் தலையைத் தூக்குனேன். கண்ணுக்குக் கெடச்சதைக் காட்டுனேன். "இதுதாண்ணே."

அண்ணன் வீடியோவை நிறுத்துனாரு. போனைத் தண்ணி டம்ளர் மேல சாச்சு வச்சாரு. போயி கையைக் கழுவிட்டு வந்தாரு. வர்றதுக்குள்ள பின்னாடி நின்னதுல ஒருத்தன் அவரு நாற்காலியில பையை வச்சுட்டான். அண்ணன் சண்டை போடல. நின்னுக்கிட்டே, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல, நிறுத்தி வச்ச போனுக்கு முன்னாடி ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டாரு.

கண்ணை மூடிக்கிட்டு. உதடு மட்டும் அசையுது.

பை வச்சவன் பயந்து போயி பையை எடுத்துட்டான்.

இந்த வாரம் ரசம் இல்ல

போன வாரம் டார்மிட்டரி கிச்சன்ல ரசம் பொங்கி ஃபயர் அலாரம் அடிச்ச கதையை எழுதுனேன்ல, அதுல இருந்து வேலை எடத்துல எனக்கு பேரே ரசம். இந்த வாரமும் சிரிக்கலாம்னு பக்கத்தைத் திருப்பினவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க.

இந்தத் தொடரை நான் எழுத ஒத்துக்கிட்டப்ப, பத்திரிகையில இருக்குற அக்கா ஒன்னே ஒன்னுதான் சொன்னாங்க. வீடு கிளமெண்டி பக்கம், அதனால கிளமெண்டி அக்கா. "தம்பி, நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க. ஸ்பெல்லிங் நான் பாத்துக்குறேன் லா. ஆனா பொய் மட்டும் எழுதாதீங்க." பத்தாங்கிளாசை ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் அதே மார்க் வாங்கினவன் நான். மொதல் கண்டிஷன் ஈஸி. ரெண்டாவதுதான் இத்தனை வாரமா என்னைச் சுத்த வச்சது.

கதிரேசன் அண்ணனைப் பத்தி நான் இதுவரைக்கும் எழுதல. ஏன்னு இப்பத் தெரிஞ்சுக்குவீங்க.

அவரு கப்பல் பட்டறையில வெல்டர். கப்பலுக்கு அடியில மல்லாந்து படுத்து வேலை பாத்துப் பாத்து கழுத்துல, முழங்கையில எல்லாம் பொறி பட்ட புள்ளி. ஊரு அரியலூர் பக்கம். அதிகம் பேச மாட்டாரு. பேசுனா ஒத்த வார்த்தை. "சாப்டியா." "தூங்கு." "முடி வெட்டு."

நான் சிங்கப்பூர் வந்தது அவராலதான். அவரு கைகாட்டி விட்ட எடத்துலதான் எனக்கு வேலை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இதே கடையில எனக்கு மீன் தலை வாங்கித் தருவாரு. வேணாம்னு சொன்னா மொறைப்பாரு. "என் தம்பியைக் கடைசியா வீடு கொண்டாந்து சேத்தவன் நீ. தின்னு."

நான் தின்னேன். ரெண்டு வருசமா தின்னேன்.

அவரு வேலை பெர்மிட் முடிஞ்சுது. வியாழக்கெழமை ஒரேயடியா ஊருக்குப் போறாரு. அதனாலதான் அந்த ஞாயித்துக்கெழமை வீடியோ. "அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு, எந்த எடம்னு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டிடு."

வணக்கம் சொல்ற போன்

நான் இப்ப வேலை பாக்குறது ஒரு ரயில் பாதையில. சிங்கப்பூரோட வட கோடி, மார்சிலிங் தாண்டிக் கடலோரம். இந்தப் பாதை கடலைத் தாண்டி ஜொகூருக்குப் போகுது. காலைல கிராஞ்சி டார்மிட்டரியில லாரி ஏறி வந்து எறங்குனா, எதிர்ல தண்ணி, தண்ணிக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு. கட்டடம், கொடி, துணி காயிறது வரைக்கும் தெரியும்.

சில நாள் நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன், போன் டிங்னு அடிக்கும். "மலேசியாவுக்கு நல்வரவு." அந்தப் பக்கத்து டவர் புடிச்சுக்கும். நான் சத்தமா, "டேய், நான் ஃபாரின் போய்ட்டேன்டா"ன்னு கத்துவேன். எல்லாரும் சிரிப்பானுங்க.

ஆனா அவனுங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் போனை அணைச்சுப் பைக்குள்ள போட்டுடுவேன். ஏன்னா அங்கயும் இதேதான்.

அங்கன்னா, இங்க வர்றதுக்கு முன்னாடி நான் வேலை பாத்த எடம், இந்தியாவோட வடகிழக்கு மலை. எல்லை. அங்க இருந்து மலை ஏறி எறங்குனா வேற நாடு. அங்க ரயில் போட்டா ஊரெல்லாம் ஒன்னாயிடும், யாவாரம் வரும், ஆஸ்பத்திரிக்குப் போறவன் வழியில சாக மாட்டான்னு சொன்னாங்க. நெசந்தான். அங்க புள்ளத்தாச்சியை மூங்கில்ல தொட்டில் கட்டித் தூக்கிட்டுப் போனதை நான் கண்ணால பாத்தேன். ரயில் வேணும். அதுல எனக்கு வாதம் இல்ல.

நாங்க தங்குன காம்ப்ல சிக்னல் சுத்தமா கெடையாது. டனல் வாய்க்குப் பக்கத்துல துருத்திக்கிட்டு நின்ன பாறை மேல ஏறுனா மட்டும் ரெண்டு கோடு வரும். சில நேரம் பக்கத்து நாட்டு டவர் புடிச்சு, புரியாத எழுத்துல வணக்கம் சொல்லும். மழை, சேறு, அட்டைப்பூச்சி. துணி காயவே காயாது. ஈரத் துணியோட பூஞ்சை நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு.

எங்க கேங்குல தமிழாளுங்க ஆறு பேரு. அதுல தங்கராசும் நானும் ஜோடி. எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான். நான் வாய். அவன் அண்ணன் மாதிரியே ஊமைக்கோட்டான். நான் அவன் பூட்ஸுக்குள்ள சோத்தைப் போடுவேன். அவன் ஒன்னும் சொல்லாம எடுத்துக் கொட்டிட்டுப் போட்டுக்குவான். கிண்டல் பண்றவனுக்கு அந்த மாதிரி ஆளு கெடைச்சா வரம்.

ஆணிப் பலகை

டனல் வாயில ஒரு பலகை தொங்கும். பலகை பூரா ஆணி. இடது பாதி உள்ள, வலது பாதி வெளிய. ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் போட்ட ஒரு வில்லை. உள்ள போகும்போது உன் வில்லையை எடுத்து இடது பக்கம் மாட்டு. வெளிய வந்தா வலது பக்கம் மாட்டு. அவ்வளவுதான். மலை சரிஞ்சா, பலகையைப் பாத்தாப் போதும், உள்ள யாரு இருக்கான்னு தெரிஞ்சுடும். அவனவன் வில்லையை அவனவன் கைதான் தொடணும். அதுதான் சட்டம்.

பலகைக்குக் காவல் சங்கான்னு ஒரு ஆளு. மலைக்காரரு. ஒரு பிரம்பு முக்காலி, ஒரு குடை, வாய் நெறைய பாக்கு. அவரு பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. எங்களுக்குள்ள பேச்சே மூஞ்சிதான். நான் குரங்கு மாதிரி மூஞ்சி காட்டுவேன். அவரு செவப்புப் பல்லைக் காட்டி, முக்காலியில இருந்து விழுற மாதிரி சிரிப்பாரு. எஞ்சினீயர் நடக்குற மாதிரி நான் நடந்து காட்டுனா, போதும் போதும்னு வயித்தைப் புடிச்சுக்குவாரு.

டீ நேரத்துல பலகைக்கு முன்னாடி க்யூ நிக்கும். சேத்துக் கையில வில்லை வழுக்கும். எனக்கோ அந்தப் பாறையில மொதல் ஆளா ஏறணும். அதனால ஒரு ஐடியா பண்ணேன். எங்க ஆறு பேருல யாரு மொதல்ல வெளிய வர்றானோ, அவன் ஆறு வில்லையையும் மாத்திடணும். மத்தவன் நேரா டீக்குப் போலாம்.

சங்கா மொத நாள் ஒத்துக்கல. விரலை ஆட்டுனாரு. நான் மூஞ்சி காட்டுனேன். மறுபடி ஆட்டுனாரு. நான் அவரு முன்னாடி மண்டி போட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, கண்ணை ஒன்னரைக் கண்ணாக்கிட்டு நின்னேன். சிரிச்சுட்டாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் தெனமும் நான்தான் மொதல்ல வந்து ஆறையும் மாத்துவேன்.

ஒரு காவல்காரனைச் சிரிக்க வச்சே அவரு வேலையைக் கெடுத்தேன். இப்படி எழுதுனாத்தான் சரியா இருக்கு.

ஒரு டீ ஆறுச்சு

அன்னைக்கு மத்தியான டீ. தூறல். நான் வழக்கம் போல மொதல்ல வந்தேன், ஆறு வில்லையையும் வலது பக்கம் மாட்டுனேன், சங்காவுக்கு ஒரு குரங்கு காட்டுனேன், பாறைக்கு ஓடுனேன்.

எனக்குப் பின்னாடி நாலு பேரு வந்தானுங்க. அஞ்சாவதா வந்துக்கிட்டிருந்த தங்கராசு, வெளிய தூறுறதைப் பாத்துட்டு, ரெயின்கோட்டை எடுக்க மறுபடி டனலுக்குள்ள போயிருக்கான். யாருக்கும் தெரியாது. அவன்தான் பேச மாட்டானே.

பாறை மேல நின்னு போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தப்ப, காலுக்கு அடியில லாரி போற மாதிரி ஒரு அதிர்வு. டனல் வாயில இருந்து புழுதி ஒரு மூச்சு விட்டுச்சு. அப்புறம் விசில். ஓட்டம். எஞ்சினீயர் வந்து பலகையைப் பாத்தாரு. இடது பக்கம் காலி. "எல்லாம் வெளிய. யாரும் கிட்டப் போகாதீங்க, மலை அடங்கட்டும்." பெருமூச்சு விட்டாரு. எல்லாரும் விட்டோம்.

நான் எறங்கி வந்து, "மலை ஏப்பம் விட்டுச்சு"ன்னு ஜோக் அடிச்சேன். சிரிச்சாங்க. சங்காவும் சிரிச்சாரு.

டீக்காரன் தட்டோட சுத்தி வந்தான். எல்லாரும் எடுத்தாச்சு. தட்டுல ஒரு டம்ளர் மிச்சம். அவன் கணக்கா ஊத்துறவன். "இது யாருது?"ன்னு கேட்டான். தங்கராசைக் காணோம். கக்கூஸ் போயிருப்பான்னான் ஒருத்தன். காம்புக்குப் போயிருப்பான்னான் இன்னொருத்தன். நான் அந்த டீயைப் பாத்தேன். மேல ஏடு கட்டிடுச்சு.

அப்பத்தான் பலகையைத் திரும்பிப் பாத்தேன். வலது பக்கம் ஆறு வில்லையும் வரிசையா தொங்குது. என் கை மாட்டுனது.

நான் கத்துனேன். அப்புறம் மெஷின் வந்துச்சு, மண்ணை எடுத்தாங்க. எடுத்தப்ப கையில ரெயின்கோட்டை மடிச்சு வச்சிருந்தான்.

கொஞ்சம் முன்னாடி எடுத்திருந்தா பொழைச்சிருப்பானான்னு கேட்டதுக்கு டாக்டர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. அவரு பேசும்போது நான் எழுந்து வெளிய போய்ட்டேன். கேட்டிருந்தா ஏதோ ஒரு பதில் இருந்திருக்கும். பதில் இல்லாம வச்சுக்கிட்டா, ஒரு நாள் ஆமா, ஒரு நாள் இல்லன்னு மாத்தி மாத்தி நெனச்சுக்கலாம்ல.

என் பூட்ஸ்

மூணாம் நாள் விசாரணை. தார்ப்பாய்க்கு அடியில ஒரு மேஜை, வெளியூர்ல இருந்து வந்த ரெண்டு ஆபீசருங்க, மொழி மாத்திச் சொல்ல ஒரு ஆளு. "அந்த வில்லையை வெளிய மாத்துனது யாரு?"

சங்கா என்னைப் பாத்தாரு. கை காட்டல. சும்மா பாத்தாரு. சிரிக்க வைப்பேன்னு பாத்தாரோ, பேசுவேன்னு பாத்தாரோ.

நான் என் பூட்ஸைப் பாத்தேன். சேறு காஞ்சு வெடிச்சு, வெள்ளையா கோடு கோடா இருந்துச்சு. இன்னைக்கு வரைய சொன்னாலும் அந்தக் கோடு அத்தனையும் வரைவேன்.

சங்கா மெதுவா என்னமோ சொன்னாரு. மொழி சொல்றவன் எழுதிக்கிட்டான். பலகை என் பொறுப்பு, நான்தான் பாத்திருக்கணும்னு சொன்னாராம். எங்க கேங்குல மத்த நாலு பேருக்கும் தெரியும். அவனுங்களும் அவனவன் பூட்ஸைத்தான் பாத்தானுங்க.

அன்னைக்கே அவரை வேலையில இருந்து அனுப்பிட்டாங்க. முக்காலியைத் தலைகீழா தோள்ல மாட்டிக்கிட்டு, குடையைப் புடிச்சுக்கிட்டு, சேத்து ரோட்டுல எறங்கிப் போனாரு. வளைவுல ஒரு தடவை திரும்புவாருன்னு நெனச்சேன். திரும்பல.

நான் தங்கராசை ஊருக்குக் கொண்டு போனேன். கதிரேசன் அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து வந்திருந்தாரு. பந்தலுக்கு வெளிய வச்சுக் கேட்டாரு. "எப்படிடா எல்லாரும் வெளியன்னு பலகையில இருந்துச்சு?"

விசாரணையில பேசாம இருந்தேன். அங்க பேசுனேன். "போர்டு பாத்துக்குற ஆளு மாத்தி மாட்டிட்டாண்ணே."

கேக்காமலே ஒன்னு கூடச் சேத்தேன். "எப்பவும் வெத்தலை பாக்குலயே இருப்பான்."

பாருங்க, பொய் சொல்லும்போது எனக்கு என்னா கற்பனை.

ஃப்ரேம் கடை

திரும்ப அந்த ஞாயித்துக்கெழமைக்கு வரேன். கும்பிட்டு முடிச்சு கண்ணைத் தொறந்த அண்ணன், அந்தப் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாரு. "வா. பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணிடலாம். தம்பி போட்டோ பக்கத்துல மாட்டுனா அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்."

"எதுக்குண்ணே, போன்லயே காட்டலாமே."

"அம்மாவுக்குப் போன் தெரியாது."

மழை புடிச்சுக்கிச்சு. கடைவரிசைக்கு முன்னாடி நடைபாதையோட ஒட்டி ஒட்டி நடந்தோம். பூமாலைக் கடை, நகைக் கடை, பெட்டி விக்கிற கடை. ஊருக்குப் போறவன் வாங்குற பெரிய பெட்டிங்க பிளாஸ்டிக் கவரோட அடுக்கி நிக்குது. அண்ணன் முன்னாடி நடக்குறாரு. அவரு செருப்புல இருந்து தண்ணி என் பேன்ட்ல தெறிக்குது. நான் என்னத்தையாவது பேசிக்கிட்டே வரணுமே, எனக்கு வாய் தொறக்கல. அதையே அவரு கவனிச்சுட்டாரு.

"என்னடா, வாயில வெல்டிங் வச்சுட்டாங்களா?"

அவரு ஜோக் அடிச்சு நான் கேட்டது அதுதான் மொதல் தடவை.

போட்டோ கடைக்காரரு நல்லாப் பேசுற ஆளு. படத்தை வாங்கிக் கம்ப்யூட்டர்ல போட்டாரு. பெரிய ஸ்க்ரீன்ல அந்தக் குகை வாய் வந்து நின்னுச்சு. பச்சை மலை, கருப்பு ஓட்டை. எங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத ஓட்டை.

"டூர் போனீங்களா அண்ணே? நல்ல வியூ லா. கலரைக் கொஞ்சம் ஏத்திடவா?"

"வேணாம். இருக்குற மாதிரி போடுங்க" அண்ணன் சொன்னாரு. "கீழ பேரு எழுத முடியுமா? தங்கராசுன்னு."

கடைக்காரரு தட்டெழுத்துல தங்கராசுன்னு அடிச்சாரு. அந்த ஓட்டைக்குக் கீழ, வெள்ளை எழுத்துல, என் மச்சான் பேரு.

அந்தம்மா ஒவ்வொரு நாளும் காலைல எழுந்து, இதுக்குப் பூ வைக்கும். எவனோ தோண்டின ஒரு குகைக்கு. சாகுற வரைக்கும் வைக்கும்.

"அண்ணே, அது இல்ல."

"எது இல்ல?"

"அந்தக் குகை இல்லண்ணே. நம்மளுது முன்னாடியே போயிடுச்சு. நான் பாக்கல. பாக்க முடியல."

"ஏன் பாக்க முடியல?"

சொன்னேன். கவுண்டரைப் புடிச்சுக்கிட்டு, ஆணிப் பலகையில இருந்து பூட்ஸ் வரைக்கும். பந்தல்ல சொன்ன பாக்குப் பொய்யையும் சொன்னேன். கடைக்காரரு நடுவுல எந்திரிச்சுப் போயி, கேக்காத மாதிரி ஃப்ரேமைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

அண்ணன் என்னை அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சா நல்லா இருக்கும்னும் நெனச்சேன். அவரு ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"அந்த ஆளு பேரு என்ன?"ன்னாரு.

"எந்த ஆளுண்ணே?"

"போர்டு ஆளு."

"சங்கா."

"சங்கா." ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாரு. "பேரு தெரியாம இத்தனை நாளா அந்த நாயி, அந்த நாயின்னு திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். எங்கம்மா மண்ணை வாரித் தூத்துச்சு, அவன் குடும்பம் வெளங்காம போகட்டும்னு. அவனுக்குப் புள்ள குட்டி இருக்கா?"

"தெரியலண்ணே."

"தெரியாது." அண்ணன் நான் சொன்னதையே திருப்பிச் சொன்னாரு.

மழை சத்தம். கடைக்காரரு தயங்கித் தயங்கி, "அண்ணே, பிரிண்ட் போடவா, வேணாமா?"ன்னு கேட்டாரு.

"வேணாம்." அண்ணன் போனைப் பைக்குள்ள வச்சாரு. என்னைப் பாக்காமலே கேட்டாரு. "எங்கிட்ட சொல்லிட்ட. அவன்கிட்ட?"

"அவரு எங்க இருக்காரோண்ணே. அது ரொம்ப தூரம். அந்த மலையில..."

"அதான் ரயில் விட்டுட்டாங்கல்ல. அந்தப் பையன் கத்துறானே, ஜாலியா போலாம்னு. போ."

வெளிய எறங்குனாரு. நானும் எறங்கப் போனேன். கையை மட்டும் பின்னாடி நீட்டி, வராதன்னு காட்டுனாரு. குடை இல்லாம, நடைபாதையில ஒதுங்காம, ரோட்டு நடுவுலயே நனைஞ்சுக்கிட்டு நடந்து போனாரு. ஞாயித்துக்கெழமைக் கூட்டம் அவரை மூடிக்கிச்சு.

ஒரு வார்த்தை

அன்னைக்கு சாயங்காலம் கிராஞ்சிக்குத் திரும்புற பஸ்ஸுல அந்த வீடியோவை மொதல் தடவை முழுசா பாத்தேன். பாலம். பாறை. பாறை மேல இப்ப ஒரு கம்பம் நட்டிருக்காங்க, சிக்னலுக்கு. அப்புறம் டனல். அந்தப் பையன் ஊளை விட்டு முடிக்கிறதுக்குள்ள வெளிய வந்துடுது. நாங்க அதுக்குள்ள கழிச்ச நாளெல்லாம் ஒரு ஊளை.

நிறுத்தி, பாறையும் டனல் வாயும் தெரியிற மாதிரி படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புனேன். "இதுதாண்ணே. சத்தியமா." வாட்ஸ்அப்ல ரெண்டு நீல டிக் வந்துச்சு. பதில் வரல. வியாழக்கெழமை அவரு போயிட்டாரு. ஏர்போர்ட்டுக்கு நான் போகல. வராதன்னு காட்டுன கை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

பழைய காம்ப் சமையல்காரருக்குப் போன் போட்டு விசாரிச்சேன். சங்கா உசுரோடதான் இருக்காராம். புது ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்துல வாழைப்பழம் விக்கிறாராம். ரயில் வந்ததால வந்த யாவாரம்.

சைனீஸ் நியூ இயர் லீவோட சேத்து நாலு நாள் கூடக் கேட்டேன். சூப்பர்வைசர், "எதுக்கு?"ன்னாரு. "ரயில் ஏறணும் சார்." "ஏன், இங்க எம்ஆர்டி ரயில் ஓடலயா?" எல்லாரும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன். லீவு கெடைச்சிடுச்சு.

இங்க எங்க சைட்டுல ஆணிப் பலகை கெடையாது. கேட்ல ஒரு மெஷின், மூஞ்சியைப் பாத்துத்தான் தொறக்கும். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் நிக்க முடியாது. வந்த புதுசுல அதுக்கும் குரங்கு காட்டிப் பாத்தேன். செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு. அது சிரிக்கல.

போன வாரம் அண்ணன்கிட்ட இருந்து ஒரு மெசேஜ். ஒத்த வார்த்தை.

"போனியா?"

"போறேண்ணே"ன்னு போட்டேன்.

டிக்கெட் போட்டாச்சு. பிரச்சனை அது இல்ல. சங்கா பாஷையில எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும் இருந்ததெல்லாம் மூஞ்சி மட்டும்தான். அவரைச் சிரிக்க வைக்கிற மூஞ்சி எங்கிட்ட நாப்பது இருக்கு. மன்னிச்சுக்குங்கன்னு சொல்ற மூஞ்சி எது?

டார்மிட்டரி கண்ணாடி முன்னாடி நின்னு பாக்குறேன். புருவத்தை எறக்கிப் பாக்குறேன். வாயை மூடிப் பாக்குறேன். கும்பிட்டா, அன்னைக்கு அவரு முன்னாடி மண்டி போட்டு ஒன்னரைக் கண்ணோட கும்பிட்ட மாதிரியே இருக்கு.

பல்லு வெளக்கிக்கிட்டு இருந்த பக்கத்துக் கட்டில் பையன் நுரையோட விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"மாமா, சூப்பர். இது என்ன புதுக் குரங்கா?"